நோயாளர் பாதுகாப்பும் கொத்தடிமை ஒழிப்பும்: மதுரை மருத்துவமனை ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நோயாளர் நலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு நோயாளர் பாதுகாப்பு, ஆள்கடத்தல், கொத்தடிமை முறை பற்றி வகுப்பு எடுப்பதும் என் பொறுப்பு. வகுப்பில் யாரும் கை தூக்குவதில்லை. முடிந்த பிறகு லிஃப்ட் பக்கத்திலும் கேன்டீனிலும் வைத்துத்தான் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். சட்டத்தின் பெயரும் ஆண்டும் சில இடங்களில் வரும். மேலதிகாரியிடம் பேசும்போது அவை கையில் இருந்தால் பேச்சு எடுபடும்.

நோயாளியைப் பாதுகாக்குறதுன்னா நல்லா வைத்தியம் பார்க்குறதுதானே? அதுக்குத் தனியா ஒரு வகுப்பு எதுக்கு?

நம் கட்டடத்துக்குள் இருக்கும்வரை நோயாளியை யாரும் அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, தப்பாகத் தொடக் கூடாது, புரியாத தாளில் கையெழுத்து வாங்கக் கூடாது. இதைப் பார்த்துக்கொள்வது வைத்தியத்துக்கு மேல் ஒரு வேலை. வெளியே அவர் படும் கொடுமை நம் கண்ணில் பட்டால் வழி காட்டுவதும் இதில் சேரும். குழந்தைகள், துணையில்லாமல் வரும் முதியவர்கள், மனநோய் உள்ளவர்கள், வாய் பேச முடியாதவர்கள், தமிழ் தெரியாத வெளிமாநிலத்தார், மயக்கத்தில் இருப்பவர்கள் ஆகியோரிடம் கூடுதல் கவனம் வேண்டும். நடந்ததை வெளியே சொல்ல இவர்களால் பல நேரம் முடியாது.

கொத்தடிமையெல்லாம் செங்கல் சூளையில இருக்கும். ஆஸ்பத்திரிக்குள்ள எப்படி வரும்?

காயம் பட்டால் வரும். நம் சுற்றுவட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன்கள் முன்பணத்துக்காக ஆந்திரா, மகாராஷ்டிரா முறுக்குக் கம்பெனிகளுக்கு அனுப்பப்பட்டு, எண்ணெய்க் கொப்புளங்களோடு ஊர் திரும்பிய கதைகள் இங்கே புதிதல்ல. கல்குவாரி, செங்கல் சூளை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கரிமூட்டம், திண்டுக்கல் நூற்பாலைகள், வீட்டு வேலை என எங்கே அடைபட்டுக் கிடந்தாலும், கை இயந்திரத்தில் மாட்டினால், காய்ச்சல் முற்றினால், பிரசவ வலி வந்தால் ஒரு மருத்துவமனை வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும். அவரை வேலை வாங்குபவரைச் சாராத ஒருவர் அவர் முகத்தைப் பார்த்து “என்ன செய்கிறது?” என்று கேட்கும் ஒரே இடம் சில நேரம் நம் புறநோயாளிகள் பிரிவுதான்.

நோயாளியாக வருவது ஒரு வழி. நம்மிடமே ஒப்பந்தத்தில் வேலை செய்யும் துப்புரவு, சமையல், காவல் பணியாளர்கள் இன்னொரு வழி. நாம் வாங்கும் கையுறையும் பேண்டேஜ் துணியும் எங்கே, யார் கையால் ஆனது என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே வேலையாகத்தான் பார்க்கிறேன். வார்டில் நோயாளியை அன்பாகப் பார்த்துக்கொண்டு, அதே வார்டைக் கூட்டுகிற அக்காவின் சம்பளத்தை யாரோ பிடுங்குவதைக் கண்டுகொள்ளாத மருத்துவமனையைப் பாதுகாப்பான இடம் என்று என்னால் சொல்ல முடியாது.

முன்பணம் வாங்கினவங்க வேலை செஞ்சு கழிக்கிறாங்க. வாங்கின கடனைக் கட்டத்தானே வேணும்?

முன்பணம் வாங்குவது குற்றமில்லை. அந்தப் பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல், ஊருக்குப் போகவிடாமல், குறைந்தபட்சக் கூலி தராமல் வைத்திருந்தால் அது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே ரத்தாகிவிடும். திருப்பிக் கேட்க எவருக்கும் உரிமை கிடையாது. பத்திரம் எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது.

டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே சம்பளம் கொடுத்து வேலை வாங்கினாலே அது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புத்தான் என்றது. சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தால்தான் அடிமை என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பசியும் கடனும் போதும்.

பார்த்தவுடனே எப்படிக் கண்டுபிடிக்கிறது? நெத்தியிலயா எழுதியிருக்கு?

ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவு கட்டக் கூடாது. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் நின்று கவனிக்க வேண்டும். கேள்வி நோயாளியிடம் போகும், பதில் கூட வந்தவரிடமிருந்து வரும். ஆதார் அட்டை, செல்போன், காப்பீட்டு அட்டை எல்லாம் கூட வந்தவர் பையில் இருக்கும். தங்கியிருக்கும் இடத்தின் பெயர் நோயாளிக்குச் சொல்லத் தெரியாது. காயம் பழசாக இருக்கும், இப்போதுதான் கூட்டி வந்திருப்பார்கள். காயத்துக்குச் சொல்லும் காரணம் ஆளுக்கு ஆள் மாறும். “எப்போ வேலைக்கு அனுப்பலாம்?” என்பதே கூட வந்தவரின் முதல் கேள்வியாக இருக்கும்.

நூற்பாலை விடுதியிலிருந்து வரும் பெண்பிள்ளைகளிடம் கடும் ரத்தசோகை, மாதவிடாய்க் கோளாறு, ஓயாத இருமல் இருந்தால் மாத்திரை எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை மணி நேர வேலை, கடைசியாக வீட்டுக்குப் போனது எப்போது, வீட்டோடு போனில் பேச விடுகிறார்களா என்று கேளுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு 11 அடையாளங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. ஆவணங்களைப் பிடுங்கி வைப்பது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது, கடனில் கட்டிப்போடுவது, நடமாட்டத்தைத் தடுப்பது, தனிமைப்படுத்துவது, மிரட்டுவது எல்லாம் அதில் உண்டு. நான் மேலே சொன்னவை நம் ஊர் வார்டில் அவை எப்படித் தென்படும் என்பதுதான்.

கூட வந்தவரை வெளிய போகச் சொன்னா சண்டைக்கு வர்றாங்க. என்ன சொல்லி அனுப்புறது?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். தனியாக ஒரு நிமிஷம் கிடைக்காவிட்டால் மற்ற எதுவும் நடக்காது. அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஒரு வார்த்தையும் வரக் கூடாது. “எக்ஸ்ரே ரூமுக்குள்ள ஒருத்தரத்தான் விடுவோம்”, “டிரெஸ்ஸிங் மாத்தணும், கொஞ்சம் வெளிய இருங்கண்ணே”, “எல்லா நோயாளியையும் முதல்ல தனியாத்தான் பார்ப்போம், இது எங்க ஆஸ்பத்திரி வழக்கம்” என்று சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதை நிஜமாகவே வழக்கமாக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. யார் வந்தாலும், கணவன் மனைவியாக இருந்தாலும், தாய் மகளாக இருந்தாலும், சில நிமிஷம் நோயாளியிடம் தனியாகப் பேசுவோம் என்று வைத்துவிட்டால் எவரும் தன்னைக் குறி வைத்ததாக எண்ண மாட்டார். பில் கவுன்டரில் ஒரு படிவம் நிரப்பக் கூப்பிடுவதும் நன்றாகப் பலிக்கும்.

அந்த ஒரு நிமிஷத்தில் “நீ கொத்தடிமையா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். “வீட்டுக்குப் போகணும்னு நினைச்சா போக முடியுமா?”, “சம்பளம் உங்க கைக்கு வருதா?”, “இங்க இருந்து திரும்பிப் போக பயமா இருக்கா?” இந்த மூன்றும் போதும். பதில் சொல்லாமல் அழுதாலும் பதில்தான். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள். ஏன் என்பது போலீஸ் கேள்வியில் வருகிறது.

நோயாளிக்கு இந்தியோ ஒடியாவோதான் தெரியும். கூட வந்த மேஸ்திரி நல்லாத் தமிழ் பேசுறாரு. அவரையே கேட்டுக்கிட்டா போதாதா?

வலி எங்கே, எத்தனை நாளாக என்பதற்கு வேண்டுமானால் போதும். மேலே சொன்ன மூன்று கேள்விக்கு அவர் கூடவே கூடாது. அவர் நல்லவராகவே இருந்தாலும், கூலி கொடுக்கும் கையின் முன்னால் கூலிக்காரர் மனம் திறக்க மாட்டார். மொழி தெரிந்த ஊழியர்கள் யார் யார் என்று வரவேற்பறையில் ஒரு பட்டியல் இருக்கட்டும். நம் வட இந்தியப் பணியாளர்களே கூட உதவலாம், ஆனால் நோயாளியும் அவரும் ஒரே ஒப்பந்ததாரரிடம் இருக்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஹவுஸ்கீப்பிங். நான் பார்த்ததைச் சொன்னா யார் கேட்பாங்க?

வார்டில் அதிக நேரம் இருப்பது நீங்கள்தான். இரவு பத்து மணிக்குமேல் எந்தக் கட்டிலில் யார் அழுகிறார், எந்தப் பாட்டியை மகன் கிள்ளுகிறான் என்பது மருத்துவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். செவிலியர் பொறுப்பாளரிடமோ நலப் பிரிவிலோ வாய்மொழியாகச் சொன்னால் போதும். எழுதுவது எங்கள் வேலை.

நிர்வாகத்திடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று: தகவல் சொன்னவரின் பெயர் வெளியே வரக் கூடாது. சொன்னதற்காக ஒரு முறை ஒருவரை வேறு தளத்துக்கு மாற்றிவிட்டால், அதற்குப் பிறகு எந்தத் தளத்திலிருந்தும் எந்தத் தகவலும் வராது.

போலீசுக்குச் சொல்லியே ஆகணுமா? நோயாளி வேண்டாம்னு சொன்னா?

வயதைப் பொறுத்தது, என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர் மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்று தோன்றினாலோ, 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. இதில் குடும்பத்தின் விருப்பம், நம் விருப்பம் எதற்கும் இடமில்லை. சத்தியம் செய்ய வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

வயது வந்த பெண் பாலியல் வன்முறைக்கோ, எவரும் ஆசிட் வீச்சுக்கோ ஆளாகி வந்தால், அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் இலவசமாக உடனே சிகிச்சை தந்து, போலீசுக்கும் தகவல் தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357சி பிரிவு இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தில் 397 ஆகியிருக்கிறது. சிகிச்சை மறுத்தால் ஓராண்டு வரை சிறை. “முதலில் போலீஸ் ஸ்டேஷன் போய்விட்டு வா” என்று திருப்பி அனுப்புவது குற்றம். ஆனால் தடய மருத்துவப் பரிசோதனைக்கு அவருடைய சம்மதம் வேண்டும். புகார் தர விருப்பமில்லை என்றால் அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டு வைத்தியத்தைத் தொடர வேண்டும். பெண்ணுறுப்பில் விரல் விட்டுச் சோதிக்கும் இருவிரல் பரிசோதனை எக்காரணம் கொண்டும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இலும் 2022இலும் சொல்லிவிட்டது.

வயது வந்தவர் கொத்தடிமையாக இருக்கிறார் என்று தெரிந்தால், காயத்துக்கான விபத்துப் பதிவேடு வழக்கம்போலப் போடப்படும். அதற்கு மேல் எடுத்துச் செல்லும்போது அவரோடு பேசி, அவர் பாதுகாப்பை யோசித்துத்தான் அடி வைக்க வேண்டும். அவர் இங்கே இருக்க, மனைவி மக்கள் சூளையில் இருக்கலாம். அவசரப்பட்டு முதலாளிக்குத் தெரியும்படி எதுவும் செய்துவிட்டால் அடி வாங்குவது அவர்கள்தான்.

பதினேழு வயசுப் பொண்ணு, கல்யாணம் ஆகி மாசமா வந்திருக்கு. குடும்பமே கூட வந்திருக்கு. இதுக்கும் போக்சோவா?

ஆம். திருமணம் ஆனது விதிவிலக்கு ஆகாது. உச்ச நீதிமன்றம் 2017இல் இதைத் தெளிவாக்கிவிட்டது. இது மனசுக்குக் கஷ்டமான இடம் என்று எனக்குத் தெரியும். தகவல் தருவதும் பிரசவம் பார்ப்பதும் தனித்தனி. தகவல் கொடுத்தோம் என்பதற்காக அந்தப் பெண்ணுக்கு ஒரு ஸ்கேன், ஒரு இரும்புச்சத்து மாத்திரை குறையக் கூடாது. “கேஸ் ஆகும்” என்று பயமுறுத்தி அனுப்பிவிட்டால் அவள் வீட்டிலேயே பிரசவித்து உயிரை விடுவாள்.

கருக்கலைப்புக்காக வரும் சிறுமி விஷயத்தில் ஒரு சலுகை இருக்கிறது. சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் குறிப்பிடத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல மருத்துவர்களுக்கே இது தெரியவில்லை.

நான் சொன்னது தப்புன்னு ஆயிட்டா என் மேல கேஸ் வராதா?

நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ வராது என்று போக்சோவின் 19ஆவது பிரிவே பாதுகாப்புத் தருகிறது. வேண்டுமென்றே பழிவாங்கப் பொய் சொன்னால்தான் தண்டனை. நிரூபிக்க வேண்டியதும் உங்கள் வேலையில்லை. பார்த்ததைப் பார்த்தபடி, கேட்டதை அவர் சொன்ன வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு எழுதுங்கள். “கணவன் அடித்திருப்பான் போல” என்று எழுதாதீர்கள். “முதுகில் நீளமாக மூன்று தழும்பு, ‘அவரு பெல்ட்டால அடிச்சாரு’ என்றார்” என்று எழுதுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டு சீனியர்கிட்ட கேட்கலாமா?

கூடாது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். முகத்தை மறைத்தாலும் கட்டில் எண்ணும் வார்டும் தெரிந்தால் நம் ஊரில் ஆளைக் கண்டுபிடிக்க அரை நாள் போதும். போனில் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கொத்தடிமைன்னு கலெக்டர் ஆபீசுக்குச் சொன்னா அப்புறம் என்ன நடக்கும்?

1976 சட்டப்படி பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு. கோட்ட அளவில் கோட்டாட்சியர் விசாரிப்பார். மாவட்டத்திலும் கோட்டத்திலும் இதற்கெனக் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். விசாரணையில் உறுதியானால் விடுதலைச் சான்றிதழ் தருவார்கள். அந்தத் தாள்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். கடன் ரத்து, உடனடி உதவித்தொகை 30,000 ரூபாய் வரை, பிறகு மறுவாழ்வுத் தொகையாக ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல், ஆள்கடத்தல் போன்ற கொடுமைகளில் 3 லட்சம். பெருந்தொகை வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருப்பதால் கைக்கு வரக் காலம் பிடிக்கிறது. இதை முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆசை காட்டி மோசம் செய்த பட்டியலில் நாமும் சேரக் கூடாது.

நம் பங்கு இதில் சிறியது போலத் தெரியும், ஆனால் கனமானது. காயத்தின் வயது, ஊட்டச்சத்துக் குறைவு, அவர் சொன்ன வார்த்தை ஆகியவற்றை நாம் எழுதிய குறிப்பு விசாரணையில் சாட்சியாகும். சிறுவர் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள், குழந்தைகள் நலக் குழு பொறுப்பெடுக்கும். 14 வயதுக்குக் கீழே பிறர் கடையிலோ கம்பெனியிலோ வேலைக்கு வைப்பதும், 18 வரை ஆபத்தான தொழிலில் வைப்பதும் சட்டவிரோதம்.

எல்லாம் சொன்னப்புறமும் “நான் மேஸ்திரி கூடவே போயிடுறேன்”னா?

வயது வந்தவரைக் கட்டி வைக்க முடியாது. அவர் கணக்கில் நமக்குத் தெரியாத நூறு இருக்கும். கோபப்படாமல், மறு பரிசோதனைக்கு ஒரு தேதி கொடுங்கள். தையல் பிரிக்க, புண் பார்க்க, மாத்திரை மாற்ற என்று காரணம் சொன்னால் அனுப்பி வைப்பார்கள். உதவி எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தால் பிடுங்கப்படலாம். மனப்பாடம் செய்ய வைப்பதே மேல். இரண்டாம் முறை வரும்போது பேசுகிறவர்கள் உண்டு.

ஆள்கடத்தல் குற்றத்தைப் பொறுத்தவரை, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது குற்றவாளிக்குத் தப்பிக்கும் வழியாகாது என்று இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவு சொல்கிறது. அவர் திரும்பிப் போனதால் நாம் எழுதி வைத்தது வீணாகவில்லை.

பில் கட்டலைன்னா ஆளை டிஸ்சார்ஜ் பண்ணாம வச்சுக்கலாம்தானே? அது ஆஸ்பத்திரியோட உரிமை இல்லையா?

இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளர் உரிமைச் சாசனம், பணத் தகராறைக் காட்டி நோயாளியையோ இறந்தவர் உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. பாக்கியை வசூலிக்க நீதிமன்றம் இருக்கிறது. கடனுக்காக ஆளைப் பிடித்து வைப்பதைச் சூளையில் செய்தால் நாம் என்ன பெயர் வைக்கிறோமோ, அதே பெயர்தான் இங்கும். அனுமதிக்கும் நாளிலேயே செலவு எவ்வளவு ஆகும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்று உட்கார வைத்துச் சொன்னால் பாதிச் சண்டை வராது.

மனநல வார்டுல பாத்திரம் கழுவ, தரை துடைக்கச் சொல்றோம். அது பயிற்சிதானே?

சிகிச்சைத் திட்டத்தில் எழுதி, அவர் விரும்பி, தன் தட்டைத் தானே கழுவப் பழகினால் பயிற்சி. ஐம்பது பேர் தட்டைக் கழுவினால் வேலை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, மனநல நிலையங்களில் எவரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, வேலை செய்தால் தக்க ஊதியம் தர வேண்டும் என்கிறது. எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 95ஆவது பிரிவு தடுக்கிறது.

நமக்கு இது ஏட்டுச் சட்டம் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மதுரையிலிருந்து போய் வரும் தூரம்தான். நம் வார்டில் ஒருவர் கையைக் கட்டிலில் கட்டும்போது, யார் சொல்லி, எத்தனை மணிக்கு, எதற்காக, எப்போது அவிழ்த்தோம் என்று எழுதச் சொல்லி நான் நச்சரிப்பது இதனால்தான்.

பெரியவங்களைச் சேர்த்துட்டு, போன் நம்பரைத் தப்பாக் கொடுத்துட்டுப் போயிடுறாங்களே?

2007ஆம் ஆண்டுப் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டப்படி கைவிடுவது மூன்று மாதம் வரை சிறைக்குரிய குற்றம். பராமரிப்புத் தொகைக்குக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். முதியோர் உதவி எண் 14567. பிள்ளைகள் சொத்துப் பத்திரத்தோடு வார்டுக்கு வந்து கைநாட்டு வாங்கப் பார்த்தால் உடனே தடுத்து, நலப் பிரிவைக் கூப்பிடுங்கள். இது அடிக்கடி நடக்கிறது.

குழந்தை வேண்டாம்னு பெத்தவளே சொல்றா. இன்னொரு பக்கம் பதினஞ்சு வருஷமா குழந்தையில்லாத தம்பதி. சேர்த்து வச்சா புண்ணியம்தானே?

பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை. சிறார் நீதிச் சட்டம் 2015, 81ஆவது பிரிவில் மருத்துவமனை, பிரசவ விடுதி ஊழியர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு வரை என்றால், நமக்குக் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு. பணம் வாங்காமல் கொடுத்தாலும், பிறப்புப் பதிவில் வேறு தாயின் பெயரை எழுதிய நொடியில் குற்றம் நடந்துவிட்டது. 2021இல் நம் மதுரையிலேயே, ஒரு காப்பகக் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் காட்டி விற்கப்பட்டது ஊரறிந்த செய்தி.

வேண்டாம் என்கிற தாயை யாரும் திட்டக் கூடாது. குழந்தைகள் நலக் குழுவிடம் முறையாக ஒப்படைக்கலாம். மனம் மாற அவளுக்கு 60 நாள் இருக்கிறது. உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலைகளால் கண்ணீர் விட்ட ஊர் இது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு மதுரைக்கும் வந்தது. குழந்தையில்லாத தம்பதியிடம் மத்திய தத்தெடுப்பு இணையதளத்தில் பதியச் சொல்லுங்கள். காத்திருப்பு நீளம்தான், ஆனாலும் அதுதான் வழி.

சிறுநீரகம் கொடுக்குறவர் சொந்தக்காரர்னு அவங்களே சொல்றாங்க. நாம ஏன் துருவணும்?

1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பு வியாபாரத்துக்கு 5 முதல் 10 ஆண்டு சிறையும் 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் வாங்கப்பட்டதாகப் புகார் எழுந்தபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் சிறப்பு விசாரணைக் குழு அமைத்தது. கொடுப்பவரைத் தனியாக வைத்துப் பேசுங்கள். நோயாளியின் தெரு, குழந்தைகளின் பெயர், கடைசியாகச் சந்தித்த விசேஷம் இவற்றைச் சொல்லத் தெரியாத “சித்தி மகன்” என்றால் உறுப்பு மாற்றுக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழுவுக்கு எழுதுங்கள். இன்னொருவர் கடனுக்கு உடம்பை அறுத்துக் கொடுப்பதை விடக் கொடிய கொத்தடிமைத்தனம் எனக்குத் தெரியவில்லை.

தப்பு செஞ்சது நம்ம ஊழியரே, அதுவும் பெரிய டாக்டர்னா?

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, மருத்துவமனையைப் பணியிடமாகக் குறிப்பிடுகிறது. பாதிக்கப்பட்ட பெண் அங்கே வேலை செய்பவராக இருக்க வேண்டும் என்பதில்லை, இத்தகைய புகார்களை விசாரிக்க மருத்துவமனையிலேயே உள்ள உள்ளகக் குழுவில் நோயாளியும் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். சிறுமி என்றால் நேரே போக்சோ, உள்விசாரணை என்று இழுக்கக் கூடாது. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருப்பது மேலே சொன்ன உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. அது நோயாளிக்கும் பாதுகாப்பு, மருத்துவருக்கும் பாதுகாப்பு.

ஹவுஸ்கீப்பிங் ஆளுங்க காண்ட்ராக்டர் ஆளுங்க. அவங்க சம்பளம் நம்ம தலைவலியா?

ஆமாம், நம்முடையதுதான். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது மருத்துவமனை, தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. வங்கியில் சம்பளம் போடுகிறோம் என்று சொல்லி ஏடிஎம் அட்டையை மேற்பார்வையாளரே வைத்துக்கொள்வது, சீருடைக்கும் தங்குமிடத்துக்கும் கணக்கில்லாமல் பிடிப்பது, வெளிமாநிலப் பெண்களை விடுதியில் வைத்துப் பூட்டுவது, வேலை வாங்கித் தந்த தரகருக்கு மாதாமாதம் கொடுக்கச் சொல்வது எல்லாம் முன்பு சொன்ன 11 அடையாளங்களுக்குள் வந்துவிடும்.

ஒப்பந்தம் போடும்போது மிகக் குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுக்கிறோம். தலைக்கு இவ்வளவு என்று அவர் எழுதிய தொகை, குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. சேர்த்தால் வருவதை விடக் குறைவாக இருந்தால், மீதி யார் வயிற்றிலிருந்து போகிறது என்று நிர்வாகம் கூட்டிப் பார்க்க வேண்டும். மேற்பார்வையாளர் இல்லாத நேரத்தில் பணியாளர்களோடு டீ குடித்துக்கொண்டே பேசினால் எல்லாம் தெரிந்துவிடும்.

நர்ஸுங்க பாதியில ஓடிடுறாங்க. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வச்சா என்ன?

சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும். கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருள் இல்லை, பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தேனியிலிருந்தோ ராஜபாளையத்திலிருந்தோ கடன் வாங்கிப் படித்து வந்த பெண்ணின் சான்றிதழைப் பூட்டி வைத்தால், அவள் இரவுப் பணியில் நடக்கும் தவறை வாய் திறந்து சொல்வாளா? பயந்திருக்கும் செவிலியர் எந்த நோயாளியையும் காக்க மாட்டார். ஓடுகிறார்கள் என்றால் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் பார்ப்போம்.

கையுறை, பஞ்சு, பேண்டேஜ் துணி கடையில வாங்குறோம். அதை யார் செஞ்சாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?

முழுதாகத் தெரியாது, கேட்கத் தொடங்கலாம். ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டி மருத்துவத் துணிக்குப் பெயர்பெற்றது. அந்தத் துணிக்கான நூல் ஏதோ ஓர் ஆலையில் நூற்கப்பட்டது. மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லித் தென்மாவட்டப் பெண்பிள்ளைகளைச் சேர்த்த சுமங்கலித் திட்டம் இந்த ஆலைகளில்தான் இருந்தது. ரப்பர் கையுறையிலும் மலேசிய ஆலைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கட்டாய உழைப்பில் வைக்கப்பட்டதாகக் கூறி, கொரோனா காலத்தில் அமெரிக்கா இறக்குமதியைத் தடுத்தது.

பிரிட்டனில் 2015இல் வந்த நவீன அடிமைத்தனச் சட்டம், ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டுக்கு மேல் விற்றுவரவு உள்ள நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் அடிமை உழைப்பைத் தடுக்க என்ன செய்தன என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடச் சொல்கிறது. நம் நாட்டில் அப்படியே ஒரு விதி இல்லை. ஆனாலும் கொள்முதல் ஒப்பந்தத்தில் நான்கு வரி சேர்க்க யார் அனுமதியும் வேண்டாம்: குழந்தை உழைப்பு இல்லை, குறைந்தபட்சக் கூலி தருகிறோம், ஆவணங்களைப் பிடித்து வைப்பதில்லை, கேட்டால் ஆலையைக் காட்டுவோம். கையெழுத்துப் போடத் தயங்குபவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

நாங்க இருபது கட்டில் இருக்குற நர்சிங் ஹோம். இவ்வளவும் எங்களால ஆகுமா?

ஆகும். பொறுப்புக்கு ஒருவரை நியமியுங்கள், அவர் விடுப்பில் போனால் இன்னொருவர். தனியாகப் பேசக் கதவுள்ள ஓர் அறை வேண்டும், மருந்து வைக்கும் அறையானாலும் சரி. சம்பவங்களை எழுத ஒரு நோட்டு, அதற்குப் பூட்டு. உங்கள் பகுதிக் காவல் நிலையம், கோட்டாட்சியர் அலுவலகம், குழந்தைகள் நலக் குழு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் ஆகியவற்றின் எண்களைத் தேவைப்படும் நாளில் தேடாமல் இன்றே எழுதி வையுங்கள். சிக்கலான பிரச்சினையைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, பார்த்ததை எழுதிய தாளையும் சேர்த்து அனுப்புங்கள்.

உதவி எண் போஸ்டரை எங்க ஒட்டுறது? ரிசப்ஷன்ல ஒட்டியிருக்கோம், யாரும் பார்க்குற மாதிரி தெரியல.

வரவேற்பறையில் கூட வந்தவரும் பக்கத்திலேயே நிற்கிறார், எப்படிப் பார்ப்பார்கள்? கழிவறைக் கதவின் உள்பக்கம், எக்ஸ்ரே உடை மாற்றும் இடம், பெண்கள் பரிசோதனை அறைத் திரைக்குப் பின்னால், பணியாளர் சாப்பிடும் இடம், விடுதி மாடிப்படி. தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, இலவசச் சட்ட உதவிக்கு 15100. படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு படமும் போடுங்கள். ஈரத்தில் கிழிந்துவிடும், மாதம் ஒருமுறை பார்த்து மாற்றுங்கள்.